அப்பா கழற்றிய பேனர்

எங்கள் வீட்டுக் குளியலறைக்கு என் முகம்தான் கூரை. பத்தடிக்கு எட்டடி ஃப்ளெக்ஸ் பேனர். கறுப்பு அங்கி, சதுரத் தொப்பி, கையில் சுருட்டிய காகிதம், எனக்குப் பின்னால் எங்கள் ஊர்ப் பக்கம் எங்கேயும் பார்க்க முடியாத ஒரு பனிமலை. அச்சான பக்கம் கீழ்நோக்கி இருப்பதால், குளிக்கும்போது நிமிர்ந்தால் என் பற்களை நானே பார்க்கலாம். 'எங்கள் தெருவின் முதல் பட்டதாரிக்கு வாழ்த்துகள்' என்ற வரி சோப்பு வைக்கும் மூலையில் போய் முடிகிறது.

பேனர்கள் கடைசியில் கூரையாவதில் அதிசயம் ஒன்றுமில்லை. கட்சிக்காரர்கள், மஞ்சள் நீராட்டுக்கு அலங்கரித்த பெண்கள், காலமானவர்கள் என்று எங்கள் தெருவில் பலரும் ஏதாவதொரு விறகுக் குவியலின் மேல் படுத்திருக்கிறார்கள். ஆனால் என் பேனர் பழசாகி அங்கே போகவில்லை. அதில் எழுதியிருப்பதை யாரும் படித்துவிடக் கூடாது என்பதற்காக ஒரு நாள் காலையில் அப்பாவே ஏணி வைத்து ஏறிக் கழற்றினார்.

எங்கள் ஊர் கவரைப்பேட்டைக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவில், நெடுஞ்சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருக்கிறது. அப்பாவும் அம்மாவும் மற்றவர்களின் நெல் வயல்களில் கூலிக்குப் போனவர்கள். சிப்காட் தொழிற்பேட்டை பெருத்து வயல்கள் சுருங்கியபோது அப்பா இரும்புக் கம்பி ஆலையில் காண்ட்ராக்ட் ஆளாகச் சேர்ந்தார். அம்மாவுக்கு இன்னொரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை. அப்பாவுக்குக் கையெழுத்துப் போட வரும். அம்மாவுக்குக் கட்டைவிரல்தான். பள்ளிக்கூடத்தின் உள்ளே போய் உட்கார்ந்த முதல் ஆள் எங்கள் குடும்பத்தில் நான். எனக்கு ஐந்து வயது பின்னால் என் தங்கை.

பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் எடுத்து நல்ல மதிப்பெண் வாங்கினேன். நர்சிங் படிக்க ஆசை. அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், தனிக் கலந்தாய்வு உண்டு, கடைசித் தேதி உண்டு என்பதெல்லாம் எனக்குத் தெரிய வந்தபோது அந்தக் கடைசித் தேதி முடிந்து பத்து நாள் ஆகியிருந்தது. வீட்டில் யாரைக் குறை சொல்ல முடியும்? அரசு கலைக் கல்லூரியில் வேதியியலுக்கு இடம் கிடைத்தது. அங்கே ஒரு வருடக் கட்டணம் அப்பாவின் நாலு நாள் கூலி. யாரிடமும் எந்தச் சலுகையும் கேட்கத் தேவை வரவில்லை. ரயில் பாஸ் எடுத்து மூன்று வருடம் போய் வந்தேன்.

பட்டமளிப்பு விழா முடிந்த வாரம் அப்பா பேனர் வைத்தார். என்னிடம் சொல்லவே இல்லை. ஒரு கம்பெனியில் நேர்காணலை முடித்துவிட்டு வந்தால் தெருமுனையில் இரண்டு சவுக்குக் கழிகளுக்கு நடுவில் நான் தொங்கிக்கொண்டிருக்கிறேன்.

"பனிமலை எதுக்குப்பா?"

"கடக்காரன் கேட்டான், பின்னாடி இன்னா போடணும்னு. பெருசா எதுனா போடுப்பான்னேன்."

தெருவுக்கே பிரியாணி போட்டார். எதிர்வீட்டு அத்தை பேனருக்குக் கற்பூரம் சுற்றி உடைக்கப் பூசணிக்காய் வாங்கி வந்தாள். அவள் பிறந்த ஊர் பள்ளிப்பட்டுக்குப் பக்கம், ஆந்திர எல்லை. ஆண்கள் யாராக இருந்தாலும் அவளுக்கு நைனாதான். "ஜனங்க கண்ணு இன்னா கண்ணு நைனா, பொண்ணு மேல பட்டுடப் போவுது" என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டே மூன்று சுற்று சுற்றினாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் பேனரில் இருக்கும் வரியை என் தங்கையைச் சொல்லச் சொல்லி மனப்பாடம் செய்துவிட்டாள். அந்தத் தெருவுக்குப் புதிதாக யார் வந்தாலும் விரலை வைத்துப் படிப்பதுபோல ஒப்பிப்பாள்.

எனக்கு வேலை கிடைத்தது ஒரு வார்ப்பட ஆலையின் ஆய்வகத்தில். உருக்கிய அலுமினியத்தில் எது எவ்வளவு கலந்திருக்கிறது என்று பார்த்து எழுத வேண்டும். பக்கத்து அறை முதலுதவி அறை. அங்கிருந்த நர்ஸ் வேலையை விட்டுப் போனதும் வேறு ஆள் எடுக்கவில்லை. சாவி என் மேசைக்கு வந்தது.

"நீ கெமிஸ்ட்ரிதானம்மா? மருந்து பேரெல்லாம் தெரியுமே" என்றார் எச்.ஆர். சார்.

வெளியிலிருந்து ஆடிட்டுக்கு வரும் நாட்களில் எனக்கு ஒரு வெள்ளைக் கோட்டும் கொடுத்தார்கள். "ஒரு மணி நேரம்தான்மா. அந்த ரூம்ல உக்காரு. எதுனா கேட்டா சிரி, நான் பாத்துக்கறேன்." அந்த ஒரு மணி நேரம் நான் கம்பெனியின் நர்ஸ். சொல்லக் கூசுகிறது, ஆனால் அந்தக் கோட்டு எனக்குப் பிடித்திருந்தது. கழற்றி மடிக்கும்போது ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மெதுவாகத்தான் மடித்தேன்.

ஒரு ஆடிட் நாளன்று, நான் கோட்டோடு உட்கார்ந்திருக்க, ஆடிட்டர்கள் வருவதற்கு முன்பே, ஒடிசாக்காரத் தொழிலாளி ஒருவரைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். தோளிலும் கையிலும் உருகிய உலோகம் தெறித்திருந்தது. பாலியஸ்டர் சட்டை தோலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் "தீதி, தீதி" என்று அக்காவாகவே கூப்பிட்டு என் கோட்டைப் பிடித்துக்கொண்டார். நான் சட்டையை இழுத்துப் பிரித்தேன். களிம்பை வழித்து அப்பினேன். நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். ஆம்புலன்ஸில் வந்த ஆள் பார்த்ததும் கத்தினார்.

"யாரு இதப் புடுங்கினது? ஒட்டினத புடுங்கலாமா? தோலும் சேந்து வந்துகீது பாரு. நீ நர்ஸா?"

"இல்ல."

"அப்பறம் இன்னாத்துக்கு இந்தக் கோட்டு?"

அந்தத் தொழிலாளி பிழைத்துக்கொண்டார். மூன்று மாதம் கழித்து வேலைக்கு வந்து, என்னைப் பார்த்து வணக்கம்கூட வைத்தார். அவர் தோளை ஒரு முறை பார்த்தேன். அதன் பிறகுதான் முடிவு செய்தேன். இனி நர்ஸாகத்தான் அந்த அறைக்குள் போவது, இல்லையென்றால் போவதே இல்லை.

போனில் தேடினேன். பட்டதாரிகளுக்கென்றே இரண்டு வருட நர்சிங் படிப்பு இருப்பதாக வந்தது. கையில் இருக்கும் அறிவியல் பட்டத்தை ஏற்றுக்கொண்டு நேராகச் சேர்த்துக்கொள்வார்களாம். எனக்குத் தலைகால் புரியவில்லை. கீழே இறங்கிப் படித்தால் எல்லாம் வெளிநாடு. ஒரு வருடக் கட்டணத்தை ரூபாயில் மாற்றிப் பார்த்துவிட்டு, இது எங்கள் தெருவையே விற்றாலும் ஆகாது என்று போனைக் கவிழ்த்து வைத்தேன். இங்கே அப்படி எதுவும் இல்லை. பதினேழு வயதுப் பிள்ளைகளோடு சேர்ந்து முதல் வருடத்திலிருந்து நாலு வருடம் படிக்க வேண்டும். என் மூன்று வருட வேதியியல் எந்தக் கணக்கிலும் சேராது. அவர்கள் பார்க்கப்போவது பழைய பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை மட்டும்.

சரி என்று விண்ணப்பித்தேன். தரவரிசை வந்தபோது அரசு கல்லூரிக்கு எட்டவில்லை. தனியார் கல்லூரியின் அரசு ஒதுக்கீட்டு இடம் நிச்சயம் கிடைக்கும் என்று தெரிந்தது. பேசின் பிரிட்ஜில் ரயில் மாறி, வேப்பம்பட்டு தாண்டி, திருவள்ளூர்ப் பக்கம் இருந்த ஒரு கல்லூரியைப் போய்ப் பார்த்துவிட்டுக்கூட வந்தேன். வாசலில் இரண்டு இரண்டு பேராக வெள்ளை உடையில் நடந்து போனார்கள். எல்லோரும் என் தங்கை வயது. எனக்கு வெட்கமாக இல்லை. பொறாமையாக இருந்தது.

பணக் கணக்கு சுலபமானது. இரண்டரை வருடமாக நான் சேர்த்தது விடுதிக்கும் புத்தகத்துக்கும் சீருடைக்கும் ஒன்றரை வருடம் வரும். மீதியை விடுமுறை வேலை, அம்மாவின் மகளிர் சங்கக் கடன் என்று சமாளிக்கலாம். சமாளிக்க முடியாதது பாடக் கட்டணம். ஒரு வருடத்துக்கே அப்பாவின் ஐந்து மாதச் சம்பளம். ஆனால் குடும்பத்தில் முதல் பட்டதாரி என்று சான்றிதழ் வாங்கிக் கொடுத்தால் அந்தக் கட்டணத்தை அரசாங்கமே கட்டிவிடும். அந்த ஒரு காகிதம் இருந்தால் நான் நர்ஸ், இல்லையென்றால் இல்லை.

இ-சேவை மையத்தில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண்ணிடம் நிமிர்ந்து உட்கார்ந்துதான் சொன்னேன்.

"மொதல் பட்டதாரி சர்டிபிகேட்டு. எங்க வீட்ல நான்தான் மொதல் பட்டதாரி."

"ப்ளஸ் டூ முடிச்சுட்டீங்களாக்கா?"

"பி.எஸ்சி. முடிச்சு வேலைக்கே போறேன்."

அவள் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "அப்ப எப்டிக்கா வரும்? ஊட்ல ஏற்கனவே டிகிரி யாரும் இருக்கக் கூடாது. நீங்களே இருக்கீங்களே."

"நான் எந்தச் சலுகையும் வாங்கலியே. ஒரு ரூபாகூட வாங்கல."

"வாங்கினீங்களா வாங்கலியான்னு இதுல கட்டமே இல்லக்கா."

பின்னால் மூன்று பேர் வரிசையில் நின்றார்கள். அவள் குரலைத் தாழ்த்தினாள். ப்ளஸ் டூ முடித்து வீட்டில் இருந்தேன் என்று ஒரு உறுதிமொழி எழுதிக் கொடுங்கள், பள்ளிக்கூட டி.சி. ஜெராக்ஸ் இருந்தால் போதும், ஊரில் விசாரிப்பார்கள், ஊர் காட்டிக்கொடுக்காவிட்டால் வந்துவிடும் என்றாள். எத்தனையோ பேர் அப்படித்தான் வாங்குகிறார்கள் என்றும் சொன்னாள். அது நிஜமா, எனக்கு ஆறுதலுக்குச் சொன்னதா, தெரியாது.

எழுதினேன். 'பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு மேற்படிப்பு எதுவும் பயிலவில்லை. வீட்டில் இருந்து வருகிறேன்.' பொய் எழுதுகிறோம் என்பது உறைக்காமல் இல்லை. ஆனால் அதைவிட வேறொன்றுதான் உறைத்தது. எங்கள் குடும்பத்தில் இப்படி ஒரு வாக்கியத்தைப் பிழையில்லாமல் எழுதக் கற்ற முதல் ஆள் நான். அந்தக் கையால் நான் படிக்கவில்லை என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

நாலைந்து நாளில் வி.ஏ.ஓ. அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். அப்பாவும் வந்தார். வி.ஏ.ஓ. புதிதாக மாற்றலாகி வந்திருந்த ஒரு பெண். என்னைவிட மூன்று நான்கு வயதுதான் கூட இருக்கும். என் மதிப்பெண் பட்டியலை இரண்டு முறை பார்த்தார்.

"அஞ்சு வருஷமாச்சே. என்னம்மா பண்ணிட்டிருந்த?"

"வீட்ல இருந்தேன் மேடம்."

"இவ்ளோ மார்க் எடுத்துட்டா? வீட்லயா?"

அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். படிக்காத பெண்களை நானே அப்படிப் பார்த்திருக்கிறேன். அவர் என்னை விட்டுவிட்டு அப்பாவிடம் திரும்பினார்.

"ஏங்க, பெத்தவர்தானே நீங்க? இந்த மார்க் எடுத்த பொண்ண அஞ்சு வருஷம் வீட்ல வெச்சிருக்கீங்களே, உங்களுக்கே நல்லாருக்கா? எங்கப்பாவும் கூலிக்குப் போறவர்தான். இதே சர்டிபிகேட்ட வாங்கி என்ன இன்ஜினியரிங் படிக்க வெச்சார். பொண்ணு நாலு எழுத்து படிச்சா உங்களுக்கு என்ன கொறஞ்சு போச்சு?"

அப்பா இரண்டு கையையும் முன்னால் கோத்துக்கொண்டு நின்றார். மூன்று வருடம் நான் கல்லூரிக்குப் போகும்போது ஏழு மணி ரயிலுக்கு நேரமாகிவிடும் என்று, நைட் ஷிப்ட் முடித்து வந்த கையோடு தூங்காமல் டி.வி.எஸ். வண்டியில் என்னை ஸ்டேஷனில் கொண்டுபோய் விட்டவர் அவர். உலை முன்னால் நின்று நின்று அவர் முன்னங்கையில் முடி கிடையாது.

"தப்புதான்மா" என்றார். "எங்களுக்கு இன்னா தெரியும். தப்புதான்."

நான் வாயைத் திறந்தேன். அவர் என் முழங்கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினார். மூடிக்கொண்டேன்.

திரும்பி வரும்போது டீக்கடையில் வண்டியை நிறுத்தினார். அவர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "நல்ல பொண்ணும்மா அது. ஒனக்காகத்தான் திட்டுச்சு."

வருவாய் ஆய்வாளர் ஆர்.ஐ. சாரும் வி.ஏ.ஓ.வும் தெருவில் விசாரிக்க வருகிறார்கள் என்று சேதி வந்த அன்று காலையில்தான் அப்பா ஏணியைத் தூக்கினார். பேனரில் என் கறுப்பு அங்கி வெயிலில் சாம்பல் நிறமாகியிருந்தது. பனிமலை அப்படியே இருந்தது. அவர் கயிறுகளை அறுக்காமல் ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தார். "அறுத்து எறிப்பா" என்றேன். அவருக்குக் காது கேட்கவில்லை, அல்லது கேட்காததுபோல இருந்தார். அதை அப்போதே அடுப்பில் போட்டு எரித்திருக்கலாம். அவரால் முடியவில்லை. குளியலறைக் கூரையின் தார்ப்பாய் கிழிந்திருந்தது, அதை எடுத்துவிட்டு இதை விரித்தார். எழுத்து வெளியே தெரியாதபடி குப்புறப் போட்டு, நாலு மூலையிலும் செங்கல் வைத்தார். வேறு யாராவது செய்திருந்தால் முட்டாள்தனம் என்று சொல்லியிருப்பேன்.

அம்மா வீடு வீடாகப் போய்ச் சொல்லி வைத்தாள். "கேட்டா பொண்ணு படிக்கலன்னு சொல்லிடுங்க. புள்ள படிப்பு விசயம்." எல்லோரும் தலையாட்டினார்கள். எதிர்வீடு மட்டும் பூட்டியிருந்தது. அத்தை ஜாத்திரைத் திருவிழாவுக்குப் பிறந்த ஊர் போயிருந்தாள்.

பதினோரு மணிக்கு வந்தார்கள். ஆர்.ஐ. சார் நடுத்தர வயது, வெயிலில் அலுத்துப் போயிருந்தார். வி.ஏ.ஓ. கையில் பதிவேடு. நான் வாசலில் நின்று கேட்டேன், என் தெரு என்னைப் பற்றி என்ன சொல்கிறது என்று.

"அந்த ஊட்லயா? யாரும் படிக்கல சார்."

"கையெழுத்தே வராது சார் அவங்களுக்கு."

மூன்றாம் வீட்டு அண்ணன் இன்னும் ஒரு படி போனார். "அந்தப் பொண்ணு மக்கு சார். பாஸ் பண்ணதே பெருசு." சொல்லிவிட்டு எனக்குக் கண்ணடித்தார். ஆர்.ஐ. எழுதிக்கொண்டிருந்தார். இன்னும் இரண்டு கையெழுத்து வாங்கினால் வேலை முடிந்தது.

அப்போது ஷேர் ஆட்டோ வந்து நின்றது. தலையில் மூட்டையும் கையில் பையுமாக அத்தை இறங்கினாள். கடைசி வாக்கியம் அவள் காதில் விழுந்துவிட்டது.

"எவன்டா அவன், மக்குன்னு சொன்னவன்? ஒன் மூஞ்சிக்கு அவளச் சொல்றியா?" மூட்டையை அப்படியே நடுத்தெருவில் போட்டாள். "இன்னா நைனா, ஆபீசரா நீ? இவனுங்க பேச்ச எழுதாத. வயித்தெரிச்சல் புடிச்சவனுங்க. எங்க தெருவுலயே மொத டிகிரி அந்தப் பொண்ணு! பேனர் வெச்சோம், பிரியாணி துன்னானுங்களே அத்தினி பேரும்!"

அம்மா "அக்கா, அக்கா" என்று ஓடினாள். அத்தை அம்மாவின் கையைத் தட்டிவிட்டாள். தெருமுனையைக் காட்டத் திரும்பினாள். இரண்டு கழிகள்தான் இருந்தன.

"அய்யோ, பேனர எவனோ திருடிக்கினு பூட்டான்! நீயும் பாத்துக்கினு நிக்கிறியே நைனா!" என்று அப்பாவிடம் கத்தினாள்.

அப்பா குனிந்த தலை நிமிரவில்லை. அத்தை எங்கள் வீட்டுப் பக்கம் வேகமாக வந்தாள். குளியலறைக் கூரை தாழ்வு, கை எட்டும். வெள்ளைப் பின்பக்கத்தைப் பார்த்ததும் செங்கலைத் தள்ளி மூலையைத் தூக்கினாள். என் பாதி முகமும் பனிமலையும் வெயிலுக்கு வந்தன.

"தோ கீது பாரு நைனா!" அவளுக்கு மூச்சு வாங்கியது. வரியின் மேல் விரலை ஓட்டினாள். "எங்கள், தெருவின், முதல், பட்டதாரிக்கு, வாழ்த்துகள்."

ஒரு எழுத்தும் தவறவில்லை.

மக்கு என்று சொன்ன அண்ணன் வீட்டுக்குள் போய்விட்டார். ஆர்.ஐ. பேனாவை மூடி, பொய் உறுதிமொழிக்குக் கேஸ் போடலாம், தெரியுமா என்று என்னைக் கேட்டார். தெரியும் என்றேன். அவர் "வேணாம், ரிஜெக்ட் மட்டும் போடுங்க" என்று வி.ஏ.ஓ.விடம் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். வி.ஏ.ஓ. அப்பாவின் முன்னால் வந்து நின்றார். "மன்னிச்சிடுங்க" என்றார். என் விண்ணப்பத்துக்காக அல்ல என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

சாயந்திரம் அத்தை ஜாத்திரைப் பொரியும் வெல்லமும் கொண்டுவந்தாள். "ஆபீசருக்கே காட்டிட்டேன் பாத்தியா" என்று என் கன்னத்தைக் கிள்ளினாள். அம்மா பொரியை வாங்கிக்கொண்டு, "நல்லது பண்ணக்கா" என்றாள். இன்றைக்கு வரைக்கும் அவளிடம் யாரும் விஷயத்தைச் சொல்லவில்லை. சொல்லலாம் என்று நான் பல நாள் நினைத்திருக்கிறேன். சொன்னால் செத்துப்போவாள்.

இரண்டு நாளில் போனுக்குக் குறுஞ்செய்தி வந்தது. நிராகரிக்கப்பட்டது, காரணம், விண்ணப்பதாரரே பட்டதாரி. இந்தத் தாலுகாவில் அரசாங்கம் என்னைப் பட்டதாரி என்று எழுதிக் கொடுத்தது அந்த ஒரு முறைதான். அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

கலந்தாய்வில் இடம் ஒதுக்கினார்கள், நான் போய்ப் பார்த்த அதே கல்லூரி. கட்டணம் கட்ட ஒரு வாரம். வங்கிக்குப் போனேன். அதிகாரி என் சம்பளச் சீட்டைப் பார்த்துவிட்டு, "ஏற்கனவே டிகிரி இருக்கே, வேலையும் இருக்கே, எதுக்கும்மா இன்னொண்ணு?" என்றார். படிக்கப் போனால் அந்த வேலை இருக்காது, அப்பா காண்ட்ராக்ட், வீட்டுக்குப் பட்டா கிடையாது. அவர் கேள்விகளுக்கு நான் சொன்ன பதில்கள் எல்லாம் உண்மை. ஒரு வாரம் முடிந்தது. இடம் வேறு யாருக்கோ போனது.

அதன் பிறகு ஒரு நாள் தங்கை என் போனை வாங்கி அந்தக் குறுஞ்செய்தியைப் படித்துவிட்டுச் சொன்னாள். அவளுக்கு இன்ஜினியரிங் ஆசை. "இந்த ஊட்டுக்கே இனிமே அந்த சர்டிபிகேட்டு கெடைக்காதாமே. நீ காலேஜு போவாம இருந்திருந்தா எனக்காச்சும் கெடச்சிருக்கும்."

அப்பா அவளை அடிக்கக் கை ஓங்கினார். நான் தடுத்தேன். அவள் சொன்னதில் தப்பு இல்லை. அவள் இப்போது நான் படித்த அதே கலைக் கல்லூரியில் பி.காம். படிக்கிறாள். அதே ரயில்.

அடுத்த ஆடிட்டுக்கு எச்.ஆர். சார் கோட்டை நீட்டினார். முதலுதவி அறைச் சாவியை அதன் மேல் வைத்துத் திருப்பிக் கொடுத்தேன். "நான் நர்ஸ் இல்ல சார்."

"தெரியும்மா. ஒரு மணி நேரம்தானே?"

"ஒரு நிமிஷம்கூட இல்ல சார்."

வேலை போகவில்லை. ஆய்வகத்திலிருந்து பேக்கிங்குக்கு மாற்றினார்கள். கோட்டை வேறொரு பெண் போட்டுக்கொள்கிறாள், பி.ஏ. வரலாறு.

அதற்கு அடுத்த வருடம் அத்தையின் மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தாள். நர்சிங்குக்குத்தான் விண்ணப்பித்தாள். கடைசித் தேதிக்கு இருபது நாள் முன்பே நான்தான் உட்கார்ந்து போட்டேன், சான்றிதழுக்கும் சேர்த்து. அத்தை வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ படிச்சதால எங்களுக்கு வழி தெரிஞ்சுது. எங்க பொண்ணுக்கும் பேனர் வெக்கணும், ஒங்கப்பா எந்தக் கடையில டப்பு குடுத்து அடிச்சாரு?"

"படிச்சு முடிக்கட்டும் அத்த. அப்பறம் வெக்கலாம்."

விசாரணைக்கு அதே ஆர்.ஐ. வந்தார். வி.ஏ.ஓ. மாறிவிட்டிருந்தார். எதிர்வீடு என்பதால் ஆர்.ஐ. எங்களிடம்தான் முதலில் வந்தார். அப்பா ஷிப்டில் இருந்தார், அம்மாவுக்குக் கையெழுத்து வராது. நான் போய் நின்றேன்.

"எதிர்வீட்ல யாராச்சும் டிகிரி முடிச்சிருக்காங்களா?"

"யாரும் இல்ல சார். அந்தப் பொண்ணும் ப்ளஸ் டூதான்."

எழுதப் போனவர் நிறுத்தி என்னைப் பார்த்தார். குளியலறைக் கூரையைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். "பேனர் பொண்ணுதானே நீ?"

"ஆமா சார்."

பதிவேட்டைத் திருப்பி, அண்டை வீட்டார் கையெழுத்துப் போடும் இடத்தில் விரலை வைத்தார். எதிர்வாசலில் அத்தை கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். அவள் மகள் கதவுக்குப் பின்னால் பாதி தெரிந்தாள். நான் பேரை எழுதினேன். பக்கத்தில் ஒரு கமா போட்டு, பி.எஸ்சி. என்று எழுதினேன்.

"அதெல்லாம் இதுல தேவையில்லம்மா" என்றார் ஆர்.ஐ.

"இருக்கட்டும் சார்" என்றேன்.